மண்டல வரைபடம், ஏழாவது திருத்தம்

கால்கரியில், ஒன்பதாம் அவென்யூவில், பதினோராம் மாடியில்
ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு விற்கும் கம்பெனிக்கு
நகரம் வரைந்துகொண்டிருக்கிறேன்.

நிஜ நகரத்துக்கே வரைந்தவள் நான்.
மாநகராட்சியில் ஆறு வருஷம்:
எங்கே வீடு, எங்கே கடை,
எங்கே கோழி வளர்க்கக் கூடாது.
இங்கும் அதே பென்சில்கள்தாம்.
மஞ்சள் குடியிருப்பு,
வாடிக்கையாளர் விவரங்கள் தூங்குகிற இடம்.
சிவப்பு கடைவீதி.
ஊதா தொழிற்பேட்டை,
விடிகாலை மூன்றுக்குக் கணக்குகள் அங்கே ஓடத் தொடங்கும்,
நாலரைக்குள் நிற்காவிட்டால்
யாரோ ஒருவர் படுக்கையை விட்டு எழ வேண்டும்.

நாற்பத்திரண்டு சிஸ்டம் என்றார்கள் முதல் வாரம்.
மூன்றாம் வாரம் நூற்றுப் பதினெட்டு.
பட்டா இல்லாத புறம்போக்கில்
எக்செல் தாள்கள் கொட்டகை போட்டிருந்தன.
ஒன்றின் பெயர் ‘புதியது இறுதி நிஜமாகவே இறுதி’.
அதற்குள் இரண்டு கோடி டாலர்
கதவைத் தாளிடாமல் படுத்திருந்தது.

எண்பத்தேழில் கட்டிய பெரிய வீடு ஒன்று.
உள்ளே யார் என்று எவருக்கும் தெரியாது.
விளக்கு எரிகிறது,
வாடகை தேதி தவறாமல் வருகிறது.
தட்டிப் பார்க்கத்தான் பயம்.

இந்த ஊரில் குளிருக்குப் பயந்து
கட்டிடத்துக்குக் கட்டிடம்
பதினைந்தடி உயரத்தில் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள்.
மைனஸ் முப்பதில், வெறும் சட்டையோடு,
தெருவில் கால் படாமல்
பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம்.
கம்பெனிக்குள்ளும் அப்படித்தான்.
வாசல் வழியாகப் போக எட்டு வாரம் அனுமதி கேட்டார்கள்,
ஆளாளுக்கு ஜன்னலை உடைத்துப்
பாலம் போட்டுக்கொண்டார்கள்.
எல்லாவற்றையும் வரைந்தேன்,
தாள் சிலந்திக்குச் சொந்தமாகும்வரை.

ஓரிடத்தில் மட்டும் கோடே இல்லை.
நஷ்டஈட்டுப் பிரிவு இந்தக் கரை,
பட்டுவாடா அந்தக் கரை.
நடுவில் கம்பி இல்லை, குழாய் இல்லை.
ஆனாலும் தினமும் சரக்கு அக்கரை சேர்ந்துவிடுகிறது.
கேள்விக்குறி போட்டுவிட்டு
மாலை நாலு நாற்பதுக்கு இறங்கிப் போனேன்.

லுட்மிலா ஹ்ரிட்சாக்.
இடது திரையைப் பார்க்கிறாள்,
வலது திரையில் தட்டுகிறாள்.
எண்களை உக்ரேனிய மொழியில் முணுமுணுக்கிறாள்.
பத்தொன்பது வருஷம்.
ட்ரம்ஹெல்லர் பக்கம் ஒரு விவசாயி
எப்போதும் ஒரு பூஜ்யம் கூடப் போடுவாராம்,
இவள் எடுத்துவிடுவாளாம்.
போன் போட்டுத் திட்டுவதும் உண்டு.
அந்தத் திட்டு எந்த ஆவணத்திலும் இல்லை.

“உன்னைப் பாலம் என்று போடட்டுமா?”
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
“பாலம்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா
சுங்கம் வாங்கியிருப்பேனே.”

மாநகராட்சியில் ஒருமுறை
சாலையை அகலப்படுத்த ஒரு கோடு இழுத்தேன்.
ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.
அதற்கடியில் ஒரு சலவைக்கடை இருந்தது
இடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.
கொடியில் யாருடைய வேட்டைச் சட்டையோ
மூன்று நாள் ஆடிக்கொண்டிருந்தது.

வரைந்தால் அவளை இடிப்பார்கள்.
வரையாவிட்டால் ஒருநாள்
அறியாமல் இடிப்பார்கள்.
இரண்டு இரவு பென்சிலைக் கடித்தேன்.
பிறகு குறிப்புப் பெட்டியில் இல்லாத பச்சையில்
நடு ஆற்றில் ஒரு புள்ளி வைத்தேன்.

கூட்டத்தில் கேவின் ப்ரௌஸ் கண்டுபிடித்துவிட்டார்.
“இது என்ன சிஸ்டம்?
எத்தனை மணிக்கு ஓடும்?”

“நாலு நாற்பதுக்கு.
வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம்.
பிப்ரவரியில் இரண்டு வாரம் ஓடாது.”

“ஏன்?”

“ஏரிப் பனியில் துளை போட்டு
மீன் பிடிக்கப் போய்விடும்.”

யாரோ சிரித்தார்கள், பாதியில் நிறுத்தினார்கள்.
கேவின் நோட்டில் ஏதோ எழுதினார்,
கையால் மறைத்தபடி.

ஏழாவது திருத்தம் அவர் மேஜையில் இருக்கிறது.
இன்னும் கையெழுத்தாகவில்லை.
மணி நாலு முப்பத்தெட்டு.