டக்

கருங்கல் திருப்பத்தில் மட்டும்
இடப்பக்கம் ஒரு டக்.
டயர் மாற்றினேன். டக்.
அலைன்மென்ட்டுக்கு அறுநூறு. டக்.
ரப்பர் ஷீட் ஏற்றினால் கொஞ்சம் அடங்கும்,
வெறும் வண்டிக்கு வாய் நீளும்.

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
ஜெஸ்டின் ராபி ஜாக்கி வைத்துத் தூக்கி
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான்.
"அக்கா, இஞ்ச கை வையுங்க."
வைத்தேன்.
பால் ஜாயின்ட் என்றான்.
விழப்போகும் பால்பல் மாதிரிதான் ஆடியது,
ஒன்றரை டன் சுமோவைத் தாங்கும் மூட்டு.
கிழிந்த உறைக்குள் கிரீஸ் இல்லை,
போன மழையின் செம்மண்.

நட்டைக் கழற்றியும் இறங்கவில்லை.
பக்கவாட்டில் சுத்தியல்.
ஒன்பதாவது அடியில்,
அதுவரை ஒன்றுமே நடக்காதது போலிருந்து,
பட்டென்று விட்டது.

"வலமும் போயாச்சு. ஜோடியாத்தான் மாத்தணும்."
பர்ஸில் ஒன்றுக்குத்தான் இருந்தது.
"மத்ததுக்குச் சனியாழ்ச்ச தாங்க"
எந்தச் சனி என்று சொல்லாமல்
இரண்டாவது பெட்டியைப் பிரித்தான்.

திரும்பும் வழியில், அதே வளைவு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒடித்தேன்.
டக் இல்லை.
அது இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த
இன்னொரு சத்தம்
பின்சீட்டுக்கு அடியிலிருந்து
மெல்லப் பேச ஆரம்பித்தது.