கரண்டித் தடம்

காபெஸ் நகரில், ரசாயன ஆலைக்கு இந்தப் பக்கம்,
மூன்றாம் மாடி வீட்டில்
இருவர் பேசிக்கொள்ளாமல் பதினோரு நாள்.
அவனுக்கு இரவு வேலை. அவளுக்குப் பகல்.
லம்ஜெத் செருப்பைக் கழற்றும்போது
நஸீஹா செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள்.
இருவர் கையும் படுகிற பொருள் ஒன்றுதான்:
ஃப்ரிட்ஜ் கதவில்
பழைய அத்திப்பழ ஜாம் பாட்டிலில்
ஹரிஸ்ஸா.

வெயிலில் சுருங்கிய மிளகாயை ஊறவைத்து
பூண்டு, கொத்தமல்லி விதை, சீமைச் சோம்பு, உப்போடு
இரண்டு தடவை அரைத்தது.
எடுத்த பிறகு வழித்துச் சமன் செய்து
ஆலிவ் எண்ணெய் விட்டு மூடவேண்டும்;
காற்றுப் பட்டால் பூத்துவிடும்.
இது அவள் சட்டம்.
அவன் ஒருநாளும் மதித்ததில்லை.
கல்யாணமான புதிதில் இதற்கென்றே ஒரு சண்டை,
வளைகுடா அகலத்துக்கு.

இந்தச் சண்டை எதற்கு?
தங்கைக்கு அவன் கொடுத்த பணமா,
கொடுத்ததைச் சொல்லாததா,
சொல்லாததை இவள் கேட்ட விதமா?
காரணம் என்ற சொல்லில்
நடுவே ஓர் எழுத்து தேய்ந்தால்
மிஞ்சுவது காரம்.

காலையில் பாட்டிலைத் திறந்தால்
இரவில் அவன் தின்றது தெரிந்துவிடும்.
மேலோட்டமாய், நகக்கீறல் போல என்றால்
ரொட்டியில் தடவி, டூனாவோடு, நின்றபடியே.
ஆழக் குழி என்றால்
தக்காளி வதக்கி, விழுதைக் கரைத்து
முட்டை இரண்டு உடைத்து ஊற்றியிருக்கிறான்,
வாணலியையும் கழுவவில்லை.
ஒருநாள் தடமே இல்லை.
அன்று பள்ளி அலுவலகத்தில்
வருகைப் பதிவேட்டின் தப்பான கட்டத்தில்
இரண்டு முறை மை வைத்தாள்.

அவளும் பதில் எழுதாமல் இல்லை.
கொண்டைக்கடலை வெந்த நீரில்
காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு
சீரகம் தூவி
அவன் பங்கை மூடிவைப்பாள்.
ஹரிஸ்ஸாவை மட்டும் கலக்கமாட்டாள்.
வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.
மக்ரோனிக் குழம்பிலோ
கேட்காமலே இரண்டு கரண்டி கூடுதல்;
அவன் மூக்கை உறிஞ்சும் ஓசையை
பூட்டிய அறைக்குள்ளிருந்து எண்ணினாள்.
ஆறு.

ஏழாம் நாள் ஆலையில்
முக்தார் இவன் டப்பாவில் ரொட்டியைத் தோய்த்து
'உன் வீட்டு ஹரிஸ்ஸாவில் மட்டும்
என்னவோ செய்கிறாள்' என்றான்.
ஒன்பது வருடமாய்த் தின்கிற லம்ஜெத்துக்கு
அது என்னவென்று தெரியவில்லை.
சோம்பை வறுத்தா, வறுக்காமலா?
கேட்பதற்கு வீட்டில் ஆள் இருந்தாள்.
கேட்கிற வாய்தான் இல்லை.

ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தவள்
திறந்தபடி நின்றாள்.
மேல்மட்டம் சமன்.
அதன்மேல் இரண்டு விரற்கடை எண்ணெய்,
அளவு தெரியாதவன் ஊற்றியது.
அவள் மனம் ஒன்றும் இறங்கிவிடவில்லை.
எண்ணெய் விக்கிற விலைக்கு, என்றுதான்
முதலில் தோன்றியது.

பதினோராம் நாள் இருவருக்கும் விடுமுறை.
அடுப்பில் உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும்.
பாட்டிலின் அடியை அவன் விரலால் வழித்தான்.
விரலைச் சூப்பினான்.
அதே கையால் கண்ணைத் தேய்த்தான்.

அலறல் மீன் சந்தைவரை போயிருக்கும்.
அவள் ஓடிவந்து பிடரியைப் பற்றி
குழாய்க்கடியில் தலையை அமுக்கினாள்.
"தேய்க்காதே, கழுதை."
தண்ணீருக்கு அடங்கவில்லை.
இமையை இரு விரலால் பிரித்துப்
பாலை ஊற்றினாள், நாளைக் காப்பிக்கு வைத்திருந்ததை.
பால் அவன் காதுக்குள் போனது,
அவள் கைமடிப்பில் வழிந்தது.
எரிந்த கண் அழுதது.
கொஞ்ச நேரத்தில்
விழுது படாத கண்ணும்.

"வறுப்பாயா, வறுக்கமாட்டாயா?"
"எதை?"
"சோம்பை."
"இப்போது கேட்கிற கேள்வியா இது?"

கிழங்கு அடிப்பிடிக்கும் வாடை வந்தது.
யார் எழுந்துபோய் அடுப்பை அணைப்பது என்று
மறுபடி ஒரு சண்டை,
இந்த முறை சத்தமாக.