வீடு எண் பதினாலு

பவுடர் டப்பாவில் வந்தன
நாற்பத்தொரு நெகட்டிவ்.
அரூரில் எங்கள் ஸ்டூடியோ மேசைமேல்
கொட்டிவிட்டுச் சொன்னார் மகன்:
"அப்பா மலேரியா டிப்பார்ட்மெண்ட். சித்தேரி மலையில டூட்டி.
ஸ்கேன் பண்ணிட்டு டப்பாவத் தூக்கிப் போட்டுருங்க."

வீட்டுக்குள் மருந்தடிக்க
வீடு மொத்தமும் வெளியே வரவேண்டும்.
அப்படித்தான் வாசல்களில் கிடக்கிறது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது:
சாணி மெழுகிய சாமைக் கூடை,
வாய் கட்டிய கொள்ளுப் பானை,
இரண்டு கம்பி முறிந்த குடை,
காய்ச்சல்காரன் கட்டிலோடு,
சாமிப் பெட்டிமேல் ஏறி நிற்கும் ஆடு.
சிரிக்கச் சொல்ல
அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை.

உறைகளின்மேல் பென்சில் எழுத்து.
வீடு 9. முடிந்தது.
வீடு 11. நாய் கடித்தது.
வீடு 14. முடிந்தது. அந்த அம்மாள் ஏசினாள்.
பெயர் என்று ஒன்றுகூட இல்லை.

ஜெராக்ஸ் எடுக்க வந்தாள் அலமேலு.
நர்சிங் கவுன்சிலிங்குக்குப் பதினோரு நாள்.
கோட்டாட்சியர் ஆபீஸில்
மூன்றாம் முறையாகக் கேட்டிருக்கிறார்கள்:
மலையாளிதான் என்பதற்குப்
பழைய ஆதாரம் ஏதாவது உண்டா?

திரையில் பதினாலாம் வீடு.
பையைக் கீழே வைத்தாள்.
"பின்னால நிக்கறது எங்க கொல்லப் பாறை."
பெருசாக்கினேன்.
"இன்னும்."
புள்ளி புள்ளியாய் உடைவதற்குச் சற்று முன்
தெரிந்தது திறந்த வாய்,
மருந்துக்காரரை நோக்கி நீட்டிய சுட்டுவிரல்.
"பொன்னுருவி. எங்க தாத்தாவோட அக்கா.
ஒரு கண்ணு சின்னதுன்னு சொல்லுவாங்க, பாருங்க.
இந்த வெரல எங்கப்பா
இன்னிக்கும் இப்படியேதான் நீட்டுவாரு."

எட்டுக்குப் பத்தில் அச்சடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் திரும்பி வந்தாள்.
கிளார்க் நல்ல மனுஷன்தானாம்,
உட்காரச் சொல்லித்தான் பேசினாராம்.
"குடையெல்லாம் வெச்சிருக்காங்களேம்மா.
வில்லு, ஈட்டி, அந்த மாதிரி
ஒண்ணும் கெடைக்கலையா?"

மின்விசிறி நின்றுபோன மதியம்
நாற்பத்தொன்றையும் மறுபடி பார்த்தோம்.
கைக்கண்ணாடி பிடித்து மீசை கத்தரிப்பவன்.
பலகையைத் தலைகீழாய்ப் பிடித்த பையன்.
பேன் பார்க்கும் நடுவே நிமிர்ந்த இருவர்,
எரிச்சலாய்.
முப்பத்தெட்டாவதில்
தோளில் நீளமாக ஏதோ சாய்த்து ஒருவன்.
"இது?" என்றாள்.
பெருசாக்கினேன்.
மருந்தடிக்கும் பம்பு.

அலமேலு சிரித்துவிட்டாள், முதலில்.
பிறகு நானும்.

நாற்பது ரூபாய் வாங்கவில்லை
என்று எழுதத்தான் ஆசை.
வாங்கினேன்.
டப்பாவை மட்டும் இன்னும் போடவில்லை.

போவதற்குமுன் பேனா கேட்டாள்.
அதே படத்தைத் திருப்பி வைத்து,
மனுவோடு இணைக்க,
அழுத்தி எழுதினாள்:
நிற்பது பொன்னுருவி.
பாறை எங்களுடையது.
கூடை எங்களுடையது.
குடையும் எங்களுடையது.
ஆடு பக்கத்து வீட்டுடையது.