நிப்பாட்ட ஒரு வளைவு

ஹட்டன் தாண்டியதும் அந்தப் பிள்ளை கேட்டது:
"அண்ணை, எங்கயாவது வடிவான இடமாப் பார்த்து
பத்து நிமிசம் நிப்பாட்டுங்கோவன்."

வடிவான இடம்.
பதினோரு வருசமாக இந்தக் கேள்விக்கான பதிலை
ஸ்பானர் பைக்குப் பக்கத்தில்
தயாராக வைத்திருக்கிறேன்.

டெவன் என்றால் அருவி, எதிரே கடை,
கழிப்பறையில் தண்ணீர் வரும்,
டிரைவருக்குச் சாப்பாடு சும்மா.
சென்கிளயர் என்றால்
மழை பெய்த மறுநாளாக இருக்க வேண்டும்;
இல்லாவிட்டால் பாறையைத்தான் பார்க்கலாம்.
நானுஓயாவில் ரயிலையும் சேர்த்துப் படம் எடுக்கலாம்.
ரயில் வந்தால்.

"இல்லை அண்ணை, இஞ்ச ஒண்டு போட்டுக் கிடக்கு.
பேர் இல்லை. நாலரை நட்சத்திரம்.
கோயில் தாண்டி மூண்டாவது வளைவு."

தெரியும்.
அங்கே மட்டும் நான் நிறுத்துவதில்லை.

"பார்க்கிங் இல்லீங்க" என்றேன்.
இரண்டு பஸ் நிற்கும் அங்கே.
"அட்டை கடிக்குங்க" என்றேன்.
மாசியில் ஏது அட்டை.
"பனி மூடிரும்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தால்
கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி
பளபளவென்று வானம்.

நிறுத்தினேன்.
பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

ஜெகரூபன் இறங்கிச் சோம்பல் முறித்தார்.
லெஸ்டரில் மூன்று வருசம் இருந்தவராம்.
"சனி ஞாயிறில காரை எடுத்துக்கொண்டு
ஊருக்கு வெளிய போனா இதே பச்சைதான் அண்ணை.
செம்மறி மட்டும்தான் இல்லை."
"நாங்க ஆட்டைக் கட்டித்தாங்க வளக்கிறோம்" என்றேன்.
சிரித்தார். நல்ல மனுசன்.

படிப்படியாக இறங்கும் மலை,
அதன் காலடியில் நீர்த்தேக்கம்,
கண்ணாடித் துண்டு விழுந்த மாதிரி.
நானும் பார்த்தேன்.
மேலே இருந்து பார்க்கும்போது
நாங்கள் இருப்பது நல்ல இடம்தான்.

பிரதாயினி நாலு படம் எடுத்தது.
ஐந்தாவதில் முகத்தைச் சுளித்தது.
"உதென்ன அண்ணை, நடுவில நீலமா?"

படங்கு.
போன வைகாசிக் காற்று
லயத்தில் மூன்று வீட்டுத் தகரத்தைக் கொண்டுபோனது.
அடுத்த மாசம் என்றார் துரை.
மாசம் எதுவென்று சொல்லவில்லை.
படங்கு பறக்காமல் மேலே இரண்டு டயர்.
இந்த வேனின் பழைய டயர்கள்தான்,
ரதல்ல இறக்கத்தில் தேய்ந்தவை.

இவ்வளவும் தொண்டைவரை வந்தது.
"மழைக்குப் போட்டிருக்காங்க" என்றேன்.

"ஐயோ பாவம்" என்றது. உண்மையாகவே சொன்னது.
சொல்லிக்கொண்டே
விரலால் அந்த நீலத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.
போன் கொஞ்சம் யோசித்தது.
பிறகு படங்கு இல்லை, டயர் இல்லை,
பத்துக் காம்பரா லயம் முழுசாக இல்லை.
அந்த இடத்தில் ஒரு வரிசை தேயிலை,
கவ்வாத்து வெட்டாத, கொழுந்து ஒடிக்காத,
யாருடைய கையும் படாத தேயிலை.

"இப்ப வடிவா இருக்கெல்லே?"

இருந்தது.
எனக்கும் அனுப்பச் சொன்னேன்.
ஏன் சொன்னேன் என்று
நுவரெலியாவில் அவர்களை இறக்கி
ஒரு பிளேன்டீ குடித்துத் திரும்பும்வரை
யோசித்துப் பார்த்தேன்.

ராத்திரி மழை.
படங்கின் குழியில் தண்ணீர் தேங்கி
தொந்தி மாதிரித் தொங்கியது.
தவமலர் தும்புத்தடிக் காம்பால் அதை மேலே நெம்பி
வழித்து ஊற்றிவிட்டு
ஈரக்கையை வயிற்றில் துடைத்து
போனை வாங்கிப் பார்த்தாள்.

"நல்ல எடமா இருக்கே,
எங்க இது?"

நான் பதில் சொல்லவில்லை.
அவள் படத்தைப் பெரிசாக்கினாள்,
இன்னும் பெரிசாக்கினாள்.

"இந்தக் கொய்யா மரம் மட்டும்
நம்மளது மாதிரி இருக்கு."