நூற்று ஐம்பத்தெட்டு

மூன்று கேள்விகள் கேட்பேன்.
எடை எவ்வளவு. காலணி என்ன அளவு.
எப்படிச் சறுக்குவீர்கள்.
முதலாவதற்கு ஐந்து கிலோ குறைத்துச் சொல்வார்கள்,
மூன்றாவதற்கு ஐந்து வருஷம் கூட்டி.
இருபத்தாறு குளிர்காலமாக இந்த வாடகைக் கடையில்
பொய்யைக் கழித்துவிட்டுத்தான்
திருகாணி முடுக்குகிறேன்.

மிலோய்கா பொய் சொல்லவில்லை.
"சுமார்" என்றாள்.
"முப்பது வருஷமாகச் சுமார்."
தோளில் அவளுடைய சொந்த ஸ்கீ.
இரண்டு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர்,
அடிமுதல் நுனிவரை ஏறக்குறைய ஒரே அகலம்,
பள்ளிக்கூடத்து அடிக்கோல்.
கல்யாணப் பரிசாம்;
உழைக்கிற பொருளை மாற்றிப் பழக்கமில்லையாம்.
கீழே போட்டால் போகும்,
நீங்கள் சொன்ன இடத்துக்கு அல்ல,
அது நினைத்த இடத்துக்கு.

மாரிபோர் வரி அலுவலகத்தில் வேலை.
ஞாயிறு மட்டும் பொஹோர்யே மலை.
நீலக் கம்பம் நட்ட சரிவு அலுத்துவிட்டது,
கறுப்புக்குப் போக ஆசையுமில்லை.
சிவப்பில்தான் பயமும் இஷ்டமும் சரிபாதி.
பன்னிரண்டு மணிக்குள் தொடை எரியும்.
கீழே நின்றுகொண்டு கணவர் கத்துவார்:
முழங்காலை மடக்கு! உடம்பைத் திருப்பு!
"இப்போது வேறொருத்திக்குக் கத்துகிறார்."

சுவரிலிருந்து ஒரு ஜோடி எடுத்தேன்.
நிறுத்திப் பார்த்தால் அவள் மூக்குவரைதான்.
"குழந்தைகளுடையதா?"
"இடுப்பைப் பாருங்கள்" என்றேன்.
முன்னும் பின்னும் அகன்று
நடுவில் துடியிடையாய் ஒடுங்கி,
தோணி மூக்குபோல் முனை சற்றே நிமிர்ந்து,
ஓரத்தில் எஃகு.
"திருப்பாதீர்கள். சாயுங்கள், போதும்.
சாய்ந்தால் அந்த ஒடுக்கம் பனியில் பதிந்து
வில்லாய் வளையும்.
வளைந்தபின் அதற்கு நேராகப் போகத் தெரியாது."

நம்பாத முகத்தோடு போனாள்.

கண்ணாடி ஜன்னலின் மூட்டத்தைக் கைமுட்டியால் துடைத்தேன்.
முதல் இறக்கம் முழுக்கப் பழைய சண்டை:
குதிகாலை உதறி, பனியைச் சுரண்டி,
தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில், களைப்பாலோ என்னவோ,
உதற மறந்து வெறுமனே சாய்ந்தாள்.

சரிவின் நடுவே நின்று திரும்பிப் பார்த்தாள்.
வெள்ளையில் இரண்டு மெல்லிய கோடுகள்,
ஒன்றையொன்று தொடாமல்,
பென்சிலால் இழுத்ததுபோல்.
யார் போன தடம் என்று தேடுகிறவள்போல்
மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது:
எனக்குப் பொறாமை வந்தது.
அந்தக் கோட்டுக்கு எனக்குப் பதினோரு குளிர்காலம் பிடித்தது,
ஒரு மணிக்கட்டு போனது, இன்றும் மழைக்கு வலிக்கிறது.
அவளுக்கு
முட்டைக்கோஸ் சூப் ஆறுவதற்குள்.

மத்தியானம் வந்து கேட்டாள்,
கையுறையைப் பல்லால் இழுத்துக்கொண்டே:
"அப்படியானால் இத்தனை வருஷமும் தப்பு
பலகையின் மேலா?"
சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
கூட்டிய கணக்கை
முதல் வரியிலிருந்து மறுபடி பார்க்கிறவளின் கண்கள்.
என்ன சொல்வது?
பாதி பலகை என்றால் மிச்சப் பாதி யார் என்பாள்.
"பனியும் இன்று நல்ல பனி" என்றேன்.
"தொடை எரிகிறதா?"
"அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றாள்,
மறுபடி ஏறப் போனாள்.

ஐந்து மணிக்குக் கடை அடைக்க வேண்டும்.
ஐந்தே கால். சரிவில் விளக்கு போட்டுவிட்டார்கள்.
மஞ்சள் வெளிச்சத்தில் ஓர் உருவம்
இடதுக்கும் வலதுக்கும்
அவசரமே இல்லாமல் ஊசலாடி வந்தது;
ஏதோ கத்திக்கொண்டும் வந்தது,
முழங்காலைப் பற்றி அல்ல.

ஐந்தே முக்காலுக்குக் கதவைத் தள்ளினாள்.
காதுவரை சிவந்திருந்தாள், மூக்கு ஒழுகியது.
தாமதக் கட்டணம் நான்கு யூரோ என்றேன்;
வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது,
சொல்லவில்லை.
சில்லறையை ஒவ்வொன்றாய் எண்ணி வைத்தாள்,
வரி அலுவலகக்காரி.

வாசல்வரை போனவள் நின்றாள்.
மூலையில் அவளுடைய இரண்டு மீட்டர் ஐந்து
சாய்த்தபடி கிடந்தது.
அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"நாளைக்குத் திங்கள்கிழமை" என்றாள்.
"எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?"