பக்கக் கண்ணாடி

யாஷ் நகரில் நாலாம் மாடி, இரவுப் பணி.
ஹீட்டர் என் இடது காலை மட்டும் சுடும்.
ஒரு புகாருக்கு நாற்பது நொடி.
தாண்டினால் என் பெயருக்கு நேரே
மஞ்சள் புள்ளி விழும்.

விதி ஏழு, பிரிவு மூன்று:
விற்பனைப் படத்தில் மனித முகம் கூடாது.

ஜும்பெர் கபூனியா, குத்தாயிசி, ஜார்ஜியா.
விற்பது காரின் பக்கக் கண்ணாடி.
கண்ணாடியைப் படம் பிடிப்பவன்
அதற்குள் வராமல் எங்கே போவான்?

முதல் படத்தில் வந்தார்.
காதில் செருகிய சிகரெட்,
வெயிலுக்குச் சுருங்கிய ஒற்றைக் கண்.
முகம் இருந்தது, அதுவே முகாந்திரம்.
நீக்கினேன்.

மொழிபெயர்ப்பு எந்திரம் வழியாக வந்தது பதில்:
"மேடம், உள்ளே இருப்பது நான்.
நான் விற்பனைக்கு இல்லை."

சிரித்துவிட்டேன்.
எதிர் மேசை ரஸ்வான் நிமிர்ந்து பார்த்தான்.

அடுத்த படத்தில்
தொப்பியை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார்.
தொப்பி முகமா?
ரஸ்வானைக் கேட்டேன். காது தெரிகிறதா என்றான்.
தெரிந்தது. காதுக்கு விதி இல்லை.
விட்டுவிட்டேன்.

பிறகு தேறிவிட்டார் மனிதர்.
கண்ணாடியைச் சாய்த்து வைத்து
தான் ஒதுங்கிக்கொண்டார்.
அவர் இருந்த இடத்தில்
துணிக்கொடி வந்தது, ஒரு வாத்து வந்தது,
பிளம் மரத்தின் பாதி வந்தது.
மரத்தடியில் ஒரு சிவப்புக் கார்.

அதற்கு இடது கண்ணாடி இல்லை.
அறுந்த ஒயர் இரண்டு
காற்றில் தொங்கின.

அடுத்த வாரம் வலது கண்ணாடி இல்லை.
அதற்கடுத்து விளக்குகள் விற்பனைக்கு வந்தன,
பின்னணியில் கார் குருடாக நின்றது.
கதவு. பானெட். பின்சீட்டு.
ஒவ்வொரு படத்திலும்
தேய்பிறையாய் அந்தச் சிவப்பு.

விதி பதினொன்று: திருட்டுப் பொருள் என்ற சந்தேகம்.
உரிமைச் சான்று, மூன்று நாள் கெடு.
பொத்தானை அழுத்தினேன்.
யார் காரையோ உரிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.
உள்ளதைச் சொல்கிறேன்,
கண்டுபிடித்துவிட்ட பெருமையும் கொஞ்சம் இருந்தது.

இரண்டாம் நாள் சான்று வந்தது.
கூடாகிப்போன காருக்குப் பக்கத்தில் அவர்,
பதிவுப் புத்தகத்தைத் தாடைக்குக் கீழே விரித்து.
அதே பெயர். பத்தொன்பது வருடத்துப் பழைய தேதி.
"கார் என்னுடையது. ஓடாது.
முழுசாக யாரும் கேட்கவில்லை,
துண்டாகக் கேட்கிறார்கள்."

நான் படித்து முடிக்கவில்லை.
படத்தை எந்திரம் முந்திக்கொண்டு பார்த்துவிட்டது.
மனித முகம்: தொண்ணூற்றெட்டு சதவீதம்.
பழைய மீறல்களோடு சேர்த்து மூன்று.
கணக்கு மூடப்பட்டது.

மூடுவதற்கு ஒரு நொடி.
திறக்க நாங்கள் போதாது.
மேல்முறையீடு வேறு ஊருக்குப் போகும்,
எந்த ஊர் என்று எங்களுக்குச் சொன்னதில்லை.
குறிப்புப் பெட்டியில் இருநூறு எழுத்துக்கு இடம்.
'முகம் இங்கே சான்று, சரக்கு அல்ல' என்று எழுதினேன்.
அழித்தேன். மறுபடி அதையே எழுதினேன்.
ஆறு நிமிடம் பதினோரு நொடி.
மஞ்சள் புள்ளி விழுந்தது,
விடியும்போது டிராமில் தூங்கிப்போய்
என் நிறுத்தத்தை விட்டேன்.

பதில் வரவில்லை.

பனி உருகத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை
புதுக் கடை ஒன்று என் வரிசையில் விழுந்தது.
வேறு பெயர், ஏதோ ஒரு பெண்ணின் பெயர்.
வெள்ளை விரிப்பில் ஒரு ஸ்டியரிங்,
விதிப்படி, சுத்தமாக.
விதி பதினான்கு: மூடப்பட்டவர்
வேறு பெயரில் வரக் கூடாது.

ஸ்டியரிங் நடுவில் பளபளக்கும் வட்டச் சின்னம்.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
உளுந்து அளவுக்கு ஒரு தொப்பி.
அதன் ஓரத்தில்
ஒரு காது.

முப்பத்தாறு. முப்பத்தேழு.

காதுக்கு விதி இல்லை.

அடுத்ததைத் திறந்தேன்:
யாரோ ஒருவர் விற்கும் சமோவார்,
அதன் வயிற்றில்
ஒரு சமையலறை முழுதும் வளைந்து நின்றது.