வட்டத் துண்டு

கொடியில் கோதுமைக் கதிர் இருந்தது.
ரொட்டிக் கடையில் வரிசை இருந்தது.
விடியற்காலை நாலரைக்கு
பிரஷோவின் பனியில்
ரேஷன் அட்டையைக் கையுறைக்குள் செருகிக்கொண்டு
நான் நின்றேன்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு.
விழா நாளில் கொடியை இஸ்திரி போடுவதும்
என் தலையில்தான்.
நீலம், மஞ்சள், சிவப்பு.
நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால்
தெருவுக்கு வந்தவர்கள் தூக்கிப் பிடித்த நிறங்கள்.
நீலம் விடுதலையாம், மஞ்சள் நீதியாம்,
சிவப்பு சகோதரத்துவமாம்.
பிற்பாடு வந்தது முத்திரை.
மலை, காடு, ஓர் ஆறு,
எண்ணெய்க் கிணற்றின் இரும்புக் கோபுரம்,
உதிக்கிற சூரியன்,
இருபுறமும் வளைந்த கதிர்க்கட்டு,
உச்சியில் செந்நட்சத்திரம்.
அத்தனையும் ஏறி உட்கார்ந்தது
நடுவில் இருந்த மஞ்சளின் மேல்.

அந்த இடத்தில் மட்டும் இஸ்திரிப் பெட்டி தடுக்கும்.
தடித்த சாயம்,
சூடு கூடினால் ஒட்டிக்கொள்ளும்.
ஒருமுறை நட்சத்திரத்தின் ஒரு முனை தீய்ந்துபோனது.
யார் கண்ணில் படுமோ என்று
மூன்று ராத்திரி தூங்கவில்லை.

டிசம்பர் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை.
கொதிகலன் அறை சாபின்
கரிக் கையோடு உள்ளே வந்தான்.
"வெதூரியா, கத்தரி இருக்கா?"
பின்னாலேயே கணக்கு வாத்தியார் ஹொரியா,
கக்கத்தில் சுருட்டிய கொடி.

காகிதக் கத்தரி துணியை மென்றது.
சாணை பிடிக்க எடுத்து வந்திருந்தேன்
கோழி வெட்டுகிற கத்தரியை.
கோழி எங்கே என்று கேட்காதீர்கள்.
அந்த வருஷம் எங்கள் கடைக்கு
கால்கள் மட்டும்தான் நடந்து வந்தன.

அவர்கள் இழுத்துப் பிடித்தார்கள், நான் வெட்டினேன்.
முதலில் ஆறு, பிறகு காடு,
கோபுரத்தின் அடியில் கை நடுங்கியது.
வட்டம் வரவில்லை,
முட்டை மாதிரி வந்தது.
"கணக்கில் இதற்கு வேறு பெயர்"
என்று சிரித்தார் ஹொரியா.
ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன் அந்தச் சிரிப்பை.
ஒன்பது வருஷமாக ஒரே அலுவலகம்,
அவருக்கு முன்பல் ஒன்று உடைந்திருப்பது
அன்றுதான் தெரிந்தது.

யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை.
தெருவுக்குப் போனால்
எல்லாக் கொடியிலும் ஓட்டை.
ஒருத்தி தலையையே நுழைத்து
மேலாடை போல மாட்டிக்கொண்டு ஓடினாள்.
ஓட்டைக்குள் டிராலி பஸ்ஸின் கம்பி தெரிந்தது,
புகை தெரிந்தது, ஒரு புறா,
பிறகு ஒன்றுமே இல்லாமல்
வெறும் வானம்.

ராத்திரி சதுக்கத்தில் சுட்டார்கள்.
யார் சுட்டது என்று
இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
சாபின் திரும்பி வந்தான்.
கொடி வந்தது.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது
புதுக் கொடிக்குத் துணி இல்லை,
இதையே ஒட்டுப் போடு என்றார்கள்.
என் தலையணை உறை மஞ்சள்தான்.
முட்டையளவு வெட்டி,
ஓரம் மடித்து,
இரட்டைத் தையல் போட்டேன்.
நீலத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது,
சட்டைப் பொத்தான் அளவு.
அது நான் வெட்டியதல்ல.
ஊசியை அங்கே கொண்டுபோனேன், திரும்பி வந்துவிட்டேன்.
தலைமையாசிரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
ஏற்றினார்கள்.

அந்த வட்டத் துண்டா?
எரிக்க மனசில்லை,
சட்டம் போட்டு மாட்டவும் மனசில்லை.
கத்தரியை அதில் சுற்றி வைத்திருக்கிறேன்.
இப்போதெல்லாம் முழுக் கோழி கிடைக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை பிரிக்கும்போது பார்ப்பேன்.
கதிரில் கொழுப்புக் கறை ஏறிவிட்டது,
மலை மங்கிவிட்டது.
நட்சத்திரத்தின் ஒரு முனை மட்டும்
இன்னும் கறுப்பாக இருக்கிறது.
அது என் கைவேலை.